பச்சை மேசையில் பிள்ளைகள் கற்பவை

(அறக்கட்டளையின் விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பிள்ளைகளும் விளையாட்டும்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தமிழாசிரியனாக இருந்தவன் சடுகுடுவைப் பற்றியோ சதுரங்கத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்டதோ 'பூல்' என்னும் மேசைப் பந்தாட்டம். இதைச் சொன்னவுடன் பின்வரிசையில் இரண்டு மூன்று பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் காண்கிறேன். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். ஏனெனில் முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அப்போது நான் ஒரு சிறுநகரத்து மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவின் மாடி ஒன்றில் புதிதாகப் பூல் நிலையம் திறந்திருந்தார்கள். ஒருநாள் மாலை, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்த மாடிப்படியிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துவிட்டேன். அவன் அமைதியானவன், யாப்பிலக்கணத்தை விரும்பிப் படித்தவன். மறுநாள் அவனை அழைத்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. நேரே அவன் தந்தையைச் சந்தித்து, "உங்கள் பிள்ளை சூதாடும் இடத்திற்குப் போகிறான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவன் வகுப்பிற்கு வந்தபோது கன்னத்தில் தழும்பு இருந்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாப்பிலக்கண வகுப்பில் கையுயர்த்துவதையும் நிறுத்திவிட்டான்.

அவன் அங்கே பணம் வைத்து ஆடினானா, யாருடன் ஆடினான், ஆடினானா அல்லது வேடிக்கை பார்த்தானா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விகளை இப்போதாவது கேட்டுப் பார்க்கும் முயற்சி என்று கொள்ளுங்கள்.

முதலில், இவ்வாட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். பச்சை அல்லது நீலத் துணி விரித்த மேசை. பெரிய மேசையாயின் ஒன்பதடி நீளம், நாலரை அடி அகலம். நான்கு மூலைகளிலும், நீண்ட பக்கங்களின் நடுவிலும் ஆக ஆறு குழிகள். எண்ணிட்ட பதினைந்து வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து. கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிக்கலாம். அது சென்று மோதி மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். பரவலாக ஆடப்படும் 'எட்டுப் பந்து' ஆட்டத்தில் ஒருவருக்கு முழுவண்ணப் பந்துகள் ஏழு, மற்றவருக்குப் பட்டையிட்ட பந்துகள் ஏழு. தமக்குரிய ஏழையும் வீழ்த்திய பின்னரே எட்டாம் எண்ணுள்ள கருப்புப் பந்தை வீழ்த்த வேண்டும். முந்திக்கொண்டு கருப்பை வீழ்த்தியவர் அக்கணமே தோற்றவராவார். நம் வீடுகளில் கேரம் பலகை இல்லாத வீடு குறைவு. ஸ்டிரைக்கரின் இடத்தில் வெள்ளைப் பந்தை வைத்து எண்ணிப்பாருங்கள், ஆட்டம் விளங்கிவிடும்.

இது நமக்கு முற்றிலும் அயலான ஆட்டமும் அன்று. இதன் உறவான ஸ்னூக்கர் பிறந்தது இந்திய மண்ணில். 1875இல் ஜபல்பூரில் தங்கியிருந்த ஆங்கிலப் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் என்பவர், மழைக்காலப் பொழுதைப் போக்க வண்ணப் பந்துகளைச் சேர்த்து அதை உருவாக்கினார். பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டா. 1880களில் அவ்வாட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்ட இடம் நம் உதகமண்டலத்து மன்றத்தின் ஆட்ட அறை. தனிநபர் விளையாட்டொன்றில் உலக வாகையராகிய முதல் இந்தியர் 1958இல் கல்கத்தாவில் வென்ற வில்சன் ஜோன்ஸ். அவர் வென்றது பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில். கீத் சேத்தியும் பங்கஜ் அத்வானியும் அந்த வழியில் வந்தவர்கள். சென்னையைச் சேர்ந்த அனுபமா இராமச்சந்திரன் 2025இல் தோகாவில் பெண்களுக்கான உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். கோல் பிடிக்கும் கைக்கு வலிமையைவிட நிதானமே தேவை என்பதால், இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய ஆட்டம் என்று எண்ண இடமில்லை.

என் மனம் மாறியதற்குக் காரணம் என் பேரன். சென்னையில் என் மகன் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொது அறையில் ஒரு பூல் மேசை போட்டிருக்கிறார்கள். சென்ற கோடை விடுமுறைக்கு நான் அங்கே சென்றிருந்தபோது, பதினொரு வயதுப் பேரன் மாலைதோறும் அங்கே போவதையறிந்து கவலையுற்றேன். மருமகளிடம் சொன்னேன். அவர், "மாமா, எனக்கும் அந்தக் கவலை உண்டு. வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு வாரம் கூடப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்யத் தவறியதை என் மருமகள் எனக்குச் சொல்லித்தந்தார். ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அன்று, ஒரு மாதம் பார்த்தேன். பார்த்தவற்றைத்தான் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, கணக்கும் இயற்பியலும் அங்கே கண்முன் நிகழ்கின்றன. பக்கச் சட்டத்தில் எந்தக் கோணத்தில் பந்து சென்று மோதுகிறதோ, சுழற்சி சேராதவிடத்து, ஏறத்தாழ அதே கோணத்தில் அது திரும்புகிறது. வெள்ளைப் பந்து சுழலாமல் வழுக்கிச் சென்று மற்றொரு பந்தை நேர்க்கு நேர் மோதினால், வெள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் வேகம் முழுவதையும் பெற்றுக்கொண்டு மற்றது ஓடுகிறது. சற்று விலகி மோதினாலோ இரண்டும் ஏறத்தாழச் செங்கோணத்தில் பிரிகின்றன. பாடநூலில் உந்த அழிவின்மை விதி என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான். காற்றோட்டங்களின் திசைமாற்றத்தை விளக்கும் விளைவுக்குத் தம் பெயரைத் தந்த பிரெஞ்சு அறிஞர் கொரியோலி, 1835இல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதம் பற்றித் தனி நூலே எழுதினார் என்றால், இந்த மேசையில் எவ்வளவு கணிதம் கிடக்கிறது என்பதை உய்த்துணரலாம்.

பேரன் எனக்கு ஒரு நுட்பத்தைக் காட்டினான். "தாத்தா, வண்ணப் பந்தைப் பார்த்து அடித்தால் தப்பிவிடும். மோதும் நேரத்தில் வெள்ளைப் பந்து எங்கே இருக்க வேண்டுமோ அந்த வெற்றிடத்தைப் பார்த்து அடிக்க வேண்டும்" என்றான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்தை மனத்தால் அங்கே வைத்துப் பார்த்துக் குறிவைக்கிறார்கள் பிள்ளைகள். இல்லாததை உருவகித்துக் காணும் இந்தப் பயிற்சி, வடிவியல் வகுப்பில் துணைக்கோடு வரையத் தெரியாமல் தடுமாறும் பிள்ளைக்கு எவ்வளவு உதவும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, இவ்வாட்டம் விளைவை எண்ணிச் செயலாற்றக் கற்பிக்கிறது. கேரத்திற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கேரத்தில் ஒவ்வொரு முறையும் ஸ்டிரைக்கர் நம் கைக்குத் திரும்பி வந்துவிடும். நம் கோட்டில் விரும்பிய இடத்தில் வைத்துப் புதிதாகத் தொடங்கலாம். பூல் ஆட்டத்தில் அவ்வாறில்லை. வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. முன்செய்த செயல் நம்மை எங்கே நிறுத்தியதோ அவ்விடத்திலிருந்தே அடுத்ததைச் செய்தாக வேண்டும். வினைப்பயன் என்பதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். ஒரு சிறுவன், தான் வேகமாக அடித்த பந்து போய் ஒட்டிக்கொண்ட சட்டத்தின் அருகே நின்று, "அவசரப்பட்டுவிட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டபோது, என் விளக்கங்களைவிட அது தெளிவாக இருந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் இந்தப் பந்தை எப்படி வீழ்த்துவது என்பதோடு நிற்பதில்லை. வீழ்த்தியபின் வெள்ளை எங்கே நிற்கும், அங்கிருந்து அடுத்த பந்து எட்டுமா என்பதையும் சேர்த்தே எண்ணுகிறார்.

மூன்றாவது, காத்திருத்தல். எதிராளி பந்துகளைத் தொடர்ந்து வீழ்த்திக்கொண்டிருக்கும்வரை நமக்கு ஆட்டமே இல்லை. கோலை ஊன்றிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். பேசக்கூடாது, குறிபார்ப்பவர் கண்ணெதிரே அசையக்கூடாது. கைப்பேசியில் ஒரு நொடிக்கு ஒரு காட்சியைத் தள்ளிப் பழகிய விரல்கள், பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் பிறர் திறமையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. முதல் வாரத்தில் என் பேரனால் இது முடியவில்லை. நகத்தைக் கடித்தான், சுற்றிச்சுற்றி வந்தான். மாத இறுதியில், எதிராளியின் நல்ல அடிக்குக் கோலின் அடிப்பகுதியை மெல்லத் தரையில் தட்டிப் பாராட்டக் கற்றிருந்தான்.

நான்காவதாகச் சொல்லப்போவது, என்னைப் பொறுத்தவரை மற்ற மூன்றையும்விடப் பெரிது. இந்த ஆட்டங்களில் நடுவர் இருப்பதில்லை. தவற்றைத் தாமே சொல்ல வேண்டும் என்பது ஆடுவோரிடையே உள்ள மரபு. ஒருநாள் மாலை, பேரனுக்கும் அவனைவிட மூத்த ஒரு பையனுக்கும் ஆட்டம். பேரன் அதுவரை அந்தப் பையனை வென்றதே இல்லை. அன்று கருப்புப் பந்து ஒன்றே எஞ்சியிருந்தது. குழிக்கு நேராகவும் இருந்தது. எதிராளி தண்ணீர் குடிக்கத் திரும்பியிருந்தான். பேரன் குனிந்து கோலை முன்னும் பின்னும் அசைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது நுனி வெள்ளைப் பந்தைத் தொட்டுவிட்டது. பந்து ஒரு நெல்மணி அளவுதான் நகர்ந்திருக்கும். அதைப் பார்த்தவர்கள் இருவர். ஒருவன் அவன், மற்றவன் நான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

நான் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொல்வதானால், அவன் அடித்துவிட வேண்டும் என்று என் உள்ளத்தின் ஒரு மூலை விரும்பியது. ஆசிரியனாயினும் பாட்டன் அல்லவா! அவன் சில நொடிகள் குனிந்தபடியே இருந்தான். பின்பு நிமிர்ந்து, "அண்ணா, தொட்டுவிட்டேன், ஃபவுல்" என்றான். அந்தத் தவற்றுக்குத் தண்டனை, எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம் என்பது. மூத்த பையன் எஞ்சியிருந்த தன் இரண்டு பந்துகளையும் கருப்பையும் வீழ்த்தி வென்றுவிட்டான்.

வீடு திரும்பும் வழியில் பேரன் அழுதான். "சொல்லாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன், தாத்தா" என்றான். நான் அவனுக்கு அறிவுரை ஒன்றும் கூறவில்லை. "நான் பார்த்தேனடா" என்று மட்டும் சொன்னேன். யாரும் பார்க்காதபோதும் வாய்மை காக்க வேண்டும் என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன். அதைச் செய்து பார்க்க ஒரு பிள்ளைக்கு வாய்ப்பளிக்கும் இடங்கள் எத்தனை? தேர்வு அறையில் கண்காணிப்பாளர் இருக்கிறார். சாலையில் காவலர் இருக்கிறார். பல இடங்களில் படக்கருவி இருக்கிறது. கண்காணிப்பே இல்லாத ஒரு சிறு இடத்தில், தனக்கு இழப்பு நேரும் என்று தெரிந்தே, பிள்ளை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பயிற்சி ஒரு மேசையில் கிடைக்குமானால், அந்த மேசையை வெறுக்க எனக்கு உரிமை இல்லை.

இனி, மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாளன் ஆகேன். பெரியவர்களின் அச்சம் ஆதாரமற்றது அன்று. திருக்குறளில் சூதுக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. அதே மாதத்தில் நான் கண்டதையே சொல்கிறேன். முதலில் 'தோற்றவர் ஐஸ்கிரீம் வாங்கித்தர வேண்டும்' என்று விளையாட்டாகத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் அது பத்து ரூபாய் ஆயிற்று, பிறகு ஐம்பது. பணம் உள்ளே நுழைந்த அன்றே பிள்ளைகளின் முகம் மாறியதைக் கண்டேன். அதுவரை தாமாகத் தவற்றைச் சொன்னவர்கள், "தொட்டாய்", "தொடவில்லை" என்று வழக்காடத் தொடங்கினார்கள். ஆட்டமும் விதிகளும் முன்பிருந்தவையே. பந்தயம் மட்டுமே புதிது. வாய்மையைக் கற்பித்த மேசையே பொய்யைக் கற்பிக்கத் தொடங்கிற்று.

அன்றிரவு நான்கு பெற்றோரைச் சந்தித்துப் பேசினோம். ஆட்டத்தைத் தடைசெய்யவில்லை. பணமோ பண்டமோ வைத்து ஆடக்கூடாது; நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்; பெரியவர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், பின் பழகிக்கொண்டார்கள். நாங்கள் பெரியவர்கள் முறைவைத்து ஒருவர் போய் அமர்வதுதான் கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று விதிகளில் பெற்றோர் மீறியது மூன்றாவதைத்தான்.

நம் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு கேள்வியைப் பேத்தி எழுப்பினாள். ஒன்பது வயது. கோலின் நுனியைத் தடவிப் பார்த்து, "தாத்தா, இது தோலா?" என்றாள். விசாரித்தேன், தோல்தான். நுனி வழுக்காதிருக்க நீலநிறப் பொடிக்கட்டி ஒன்றைத் தேய்க்கிறார்கள். சாக் என்று பெயரே தவிர அது சுண்ணாம்பும் அன்று. பந்துகளைப் பற்றிய செய்தி அதனினும் கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஒரு தந்தத்தில் ஒரு சில பந்துகளே தேறும். ஒரு பொழுதுபோக்கிற்காக யானைகள் கொல்லப்பட்டன. தந்தம் அரிதாகி விலையேறவே, 1860களில் அமெரிக்காவில் இத்தொழில் நடத்திய நிறுவனம் ஒன்று, மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் அம்முயற்சியில் இறங்கிச் செல்லுலாய்டைப் பயன்படுத்தினார். இன்றைய பந்துகள் செயற்கைப் பிசினால் ஆனவை. நெகிழி யுகத்தின் தொடக்கங்களில் ஒன்று இந்த மேசையில் இருக்கிறது.

இதைக் கேட்ட பேத்தி, "பந்தை மாற்றினார்களே, நுனியை மாற்ற முடியாதா?" என்றாள். தோலல்லாத செயற்கை நுனிகளும் விற்பனையில் உண்டு என்று அறிந்து, என் மகன் ஒன்றைத் தேடி வாங்கி வந்தான். தோல்நுனி போல அது பந்தைப் பற்றவில்லை என்று பேரன் குறைப்பட்டான். பேத்தியோ அதை மட்டுமே கொண்டு ஆடுகிறாள். அதனால் சில ஆட்டங்களில் தோற்கவும் செய்கிறாள். வீட்டில் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளும் எந்த உயிரிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் ஒரு குழந்தையிடம் உயிரோடு இருக்கிறது. அதுவே எனக்குப் போதும்.

நம் முன்னோர் பந்தாட்டத்தை வெறுத்தவர்கள் அல்லர். திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் விமலை பந்தாடும் காட்சியை விரிவாகப் பாடியிருக்கிறார். கொங்குவேளிரின் பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி இருக்கிறது. துறவை உயர்த்திப் பாடிய புலவர்களே ஆட்டத்தின் அழகையும் கண்ணாரக் கண்டு எழுதினார்கள். அவர்கள் சூதைத்தான் பழித்தார்கள், ஆட்டத்தை அன்று. இரண்டையும் பிரித்தறிவது பெரியவர்களாகிய நம் பொறுப்பு. பிரித்தறிய வேண்டுமானால் அருகே போய் அமர வேண்டும்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளை எங்கோ போய் விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டால், அடிக்கக் கை ஓங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன ஆடினாய்? யாருடன் ஆடினாய்? எதை வைத்து ஆடினாய்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடை தவறாக இருந்தால் கண்டிப்பாக நிறுத்துங்கள். புகையும் பணமும் புழங்கும் இடமென்றால் தயங்காது தடுங்கள். அவ்வாறில்லையெனில், ஒரு மாலை நீங்களும் உடன் செல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்று. படிப்பை விட்டுவிட்டுக் கோலைப் பிடியுங்கள் என்று இந்தத் தாத்தா சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்! எந்த ஆட்டம் ஆடினாலும், தொட்டுவிட்டால் தொட்டேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டுத் தோற்ற இரவில் அழுகை வரும், வரட்டும், தவறில்லை.

யாப்பிலக்கணம் விரும்பிய அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. ஐம்பதை நெருங்கியிருப்பான், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். இந்த மலர் எங்கேனும் அவன் கண்ணில் பட்டால், அவனுடைய ஆசிரியன் அன்று கேட்காமல் தீர்ப்புச் சொன்னான் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொண்டான் என்று அவன் அறியட்டும். வெள்ளைப் பந்தைத் தொட்டுவிட்டேன். முப்பது ஆண்டுகள் கழித்து என் பேரனிடமிருந்து கற்றுக்கொண்டு சொல்கிறேன்.